சுற்றுலா போகும் குடும்பங்கள் அருவியையும் கடற்கரையையும் விட்டுவிட்டு, சாலையோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது ஏன்?

ரசனை இல்லாததால் அல்ல. இருபது பேருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேனில் கிளம்பியவர்களுக்குப் பார்க்கிற இடம் வேறு, சாப்பிடுகிற இடம் வேறு. பார்ப்பதற்கு அழகு போதும். சாப்பிட நிழல் வேண்டும், சமதரை வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், முக்கியமாகக் குரங்கு இருக்கக் கூடாது. குற்றாலத்தில் அருவிப் பக்கம் இவை எல்லாம் ஒன்றாக அமைவது அபூர்வம். தென்காசிக்கு முன்னால் ஏதோ ஒரு பெயர் தெரியாத மரத்தடியில் சாதாரணமாக அமையும்.

இடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் சோறுதான். விடிகாலை 4 மணிக்கு வண்டி என்றால் 2 மணிக்கே சாதம் வடித்தாக வேண்டும். தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் வெயிலில் மதியம்வரை தாங்காது, காலையிலேயே முடித்துவிட வேண்டும். புளியோதரை இரவுவரை தாங்கும். 1 கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கவிட வேண்டும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடாமல் சூட்டோடு தூக்கில் அடைத்தால், மூடியில் ஆவி வேர்த்துச் சோற்றில் சொட்டும். முதலில் ஊசிப்போவது அந்த மேல் அடுக்குதான்.

தயிர்ச் சாதத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, தயிரை வீட்டிலேயே ஊற்றிப் பிசைவது. 1 கிலோ அரிசிச் சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பால் இரண்டு லிட்டர் ஊற்றி, ஒரு சின்னக் கரண்டி தயிர் மட்டும் உறைக்கு விட வேண்டும். மதியம் ஒரு மணிக்குப் பதமாக இருக்கும். மூன்று மணிக்குப் புளித்துவிடும். ஆக, ஒரு மணிக்கு வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ அங்கேதான் இலை விழும். இயற்கைக் காட்சிக்காகத் தயிர்ச் சாதம் காத்திருக்காது.

மரம் பார்ப்பதிலும் கணக்கு உண்டு. தென்னைக்குக் கீழே உட்காரவே கூடாது, மட்டையும் காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். பந்து போலச் சுருண்ட இலைக்கூடு தெரிந்தால் விலகிவிடுங்கள். ஆலமரம் பழுக்கும் காலத்தில் மேலிருந்து பழமும் விழும், பறவை எச்சமும் விழும். புங்க மரத்து நிழல் குளுமை. ஆனால் இருபது பேர் பந்தி உட்காரும் அளவுக்கு விரிந்த மரம் சாலையோரத்தில் என்றால் அது புளிதான். நான்கு வழிச் சாலைக்காக நிறைய மரங்களை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பைபாஸ் வந்த பிறகு கைவிடப்பட்ட பழைய ரோட்டில் நிற்கின்றன. அனுபவப்பட்ட டிரைவர் பைபாஸில் மரம் தேட மாட்டார், ஊருக்குள் பிரியும் பாதையில் வண்டியைத் திருப்புவார்.

மரம் கிடைத்ததும் அடிமரத்தை ஒட்டிப் பாயை விரிப்பது அடுத்த தப்பு. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. சென்னையில் ஏறக்குறைய 12.10, மதுரையில் 12.20. அதன் பிறகு நிழல் கிழக்கே நகரும். ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் உச்சி வெயில் அநேகமாகத் தலைக்கு நேரே இருக்கும். அப்போது 20 அடி உயரத்தில் விரிந்திருக்கும் கிளையின் நிழல் முதல் ஒரு மணி நேரத்தில் 5 அடிக்கு மேலும், இரண்டு மணி நேரத்தில் 11 அடிக்கு மேலும் நகர்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு மரத்தின் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் தாத்தா தூங்கி எழும்வரை நிழல் இருக்கும். மேம்பாலத்துக்கு அடியில் உட்காருபவர்கள் தேடுவதும் இதே நகராத நிழலைத்தான். ஆனால் அங்கே புழுதி அதிகம், கிழக்கு மேற்காக ஓடும் பாலமாக இருந்தால்தான் அந்த நிழலும் நிலைக்கும்.

பம்புசெட் கிடைத்தால் ராஜ வாழ்க்கை. விவசாய மோட்டார் எந்நேரமும் ஓடாது, அதனால் தண்ணீர் கொட்டுவது கண்ணில் பட்டால் உடனே நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தொட்டிக்குள் சோப்பு போடக் கூடாது, அந்தத் தண்ணீர் நேராகப் பயிருக்குப் போகிறது.

மலையேறும் வேன்கள் மேட்டுப்பாளையத்திலேயே சாப்பிட்டு முடிப்பதற்குக் காரணம் தனி. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, தண்ணீர் பாட்டிலையும் கவரையும் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அடுப்பு கொண்டுபோய் மேலே பொங்கலாம் என்றாலும் சிரமம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரம் பிடிக்கும். போதாததற்குக் குரங்குகள். கவர் சரசரக்கும் சத்தமே அவற்றுக்குப் பந்திக்கு அழைப்பு மணி.

அழகில்லாத இடம் என்பதற்காக எந்த இடமும் சரி என்று ஆகிவிடாது. நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, அதன் பின்னால் பாய் விரிப்பதைவிட ஆபத்து வேறில்லை. கண் அசந்த லாரி முதலில் வந்து மோதுவது நிற்கிற வண்டியின் மீதுதான். லாரிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, வயல் பக்கமாக முப்பது அடியாவது தள்ளி உட்காருங்கள். வாழை இலையை மாடு தின்றுவிடும். ஆனால் இலையை ஊறுகாய்ப் பொட்டலத்தோடு சுருட்டிப் போட்டால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் போகும். குப்பைக்கென்று தனியாக ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் காலை 7 மணிக்குப் போங்கள். பகல் ஏறிக் கடற்காற்று எழும்பிவிட்டால் ஒவ்வொரு வாயிலும் மணல்தான். இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் வீட்டிலேயே தடவி எடுத்துப் போங்கள். அங்கே போய் டப்பாவைத் திறந்தால் பாதிப் பொடி பக்கத்துக் குடும்பத்துக்குப் போய்விடும்.