பிரவுன்ஸ் ஆட்களை வைத்து ஃபேன்டசி ஆடலாமா? கிளீவ்லண்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, சோலனில் வீடு எடுத்திருப்பதாகச் சொல்லி, குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்குவது, பழைய கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆபீஸில் 12 பேர் நடத்தும் ஃபேன்டசி ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனை அணியாகச் சேர்த்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்கு மதிப்பெண் வாங்கும் ஆட்டம்) லீக்கில் 50 டாலர் கட்டிச் சேரக் கூப்பிடுகிறார்கள், செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய லேபர் டே வார இறுதியில் டிராஃப்ட், அதாவது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது, ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே, ஊரின் என்.எஃப்.எல். அணியான கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ஆட்களாகவே எடுத்துவிடலாமா என்றும் ஒரு கேள்வி. (2025 பருவம் தொடங்கும் முன், ஆகஸ்ட் கடைசியில் இதை எழுதுகிறேன்.)

ஜாக்கெட் முழங்கால் வரை வரவேண்டும். காரை ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல நிறைய பேர் வருவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது லீக்கைப் பற்றித்தான்.

கண்டிப்பாகச் சேருங்கள். ஆனால் பிரவுன்ஸ் ஆட்களை வைத்து அணியை நிரப்பாதீர்கள். ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறீர்கள். பிரவுன்ஸை உயிராக நேசிக்கிறவர்கள்கூட ஃபேன்டசி அணியில் ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேருக்கு மேல் அவர்களை எடுப்பதில்லை. காலங்காலமாக அந்த அணியோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் நிலைமை தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது ட்ரீம் 11 மாதிரி இல்லை. அங்கே கோலியை நீங்களும் எடுக்கலாம், நானும் எடுக்கலாம். இங்கே ஒரு ஆள் ஒரு அணிக்குத்தான். பாம்புபோல வளைந்து வரும் வரிசை: முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். டிராஃப்டில் எடுத்தவர்களை வைத்துக்கொண்டு டிசம்பர் கடைசி வரை வாரம் ஒருவரோடு மோதவேண்டும். ஆகவே நாலாம் சுற்றில் ஆசைக்கு ஒரு பிரவுன்ஸ் ஆளை எடுத்தால், அந்த இடத்தில் வரவேண்டிய நல்ல ஆட்டக்காரர் எதிராளியிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இப்போது அணியின் நிலை. 2024-இல் 17 ஆட்டத்தில் 3 வெற்றி, 14 தோல்வி. மொத்தம் எடுத்தது 258 புள்ளிகள். என்.எஃப்.எல்.-இல் உள்ள 32 அணிகளில் அதுதான் கடைசி. ஃபேன்டசியில் பெரிய மதிப்பெண் டச்டவுனில்தான், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதில்தான் வருகிறது, ஓடியோ பிடித்தோ போட்டால் ஒன்றுக்கு 6. டச்டவுனே போடாத அணியில் நீங்கள் எதை அறுவடை செய்வீர்கள்?

வேர் எங்கே என்றால், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இடத்தில். இந்த அணி மூன்று வருஷம் இல்லாமல் இருந்து 1999-இல் மறுபடி பிறந்ததிலிருந்து 2024 முடிய 40 பேர் அந்த இடத்தில் இறங்கியிருக்கிறார்கள். 2022-இல் டெஷான் வாட்சனுக்காக ஹூஸ்டன் அணிக்கு, கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டின் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, 23 கோடி டாலருக்கு முழு உத்தரவாதமும் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறுவதற்குள் மறுபடி அறுந்தது. டிராஃப்ட் பட்டியலில் அவர் பெயர் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். 2025 ஆகஸ்டில் நாலு பேர் போட்டியில் இருந்தார்கள். 40 வயது ஜோ ஃபிளாக்கோ, கென்னி பிக்கெட், புதுமுகங்கள் டிலன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ். 2025-இன் முதல் ஆட்டத்துக்கு ஃபிளாக்கோ என்று முடிவானது. பிக்கெட்டை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ரெய்டர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் ஆபீஸில் எல்லோரும் சாண்டர்ஸைப் பற்றியே பேசுவார்கள். நல்ல பையன்தான். கரோலினாவோடு நடந்த முன்பருவ ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் எறிந்தார். ஆனால் என்.எஃப்.எல். டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக எடுக்கப்பட்டவர், வரிசையில் பின்னால் நிற்கிறார். அவரையோ கேப்ரியலையோ எடுக்காதீர்கள். ஃபிளாக்கோவும் வேண்டாம். 12 பேர் லீக்கில் அவரைவிட நல்லவர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள்.

அப்படியானால் ஒருவருமே தேறமாட்டார்களா என்றால், தேறுவார்கள். இதைத்தான் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தோற்கிற அணி கடைசி வரை துரத்தவேண்டும், துரத்துகிற அணி பந்தை எறிந்துகொண்டே இருக்கும். எறிந்தால் பிடிக்கிறவருக்கு மதிப்பெண். 2024 டிசம்பரில் டென்வரோடு நடந்த திங்கள் இரவு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன்ஸ் 41-32 என்று தோற்றது. ஜேமிஸ் வின்ஸ்டன் 497 யார்டு எறிந்தார், மூன்று பந்தை எதிரணியிடமும் கொடுத்தார். ஆனால் ஜெர்ரி ஜூடி ஒருவரே 9 பந்து பிடித்து 235 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மதிப்பெண் தரும் லீக்கில் அது 38.5. ஊரே துக்கத்தில் இருந்தது. ஜூடியை வைத்திருந்தவர் அந்த வாரம் ஜெயித்திருப்பார்.

முழு வருஷத்தில் ஜூடிக்கு 90 பந்து, 1,229 யார்டு. டச்டவுன் நாலுதான். அதனால் உங்கள் லீக்கின் விதியை முதலில் கேளுங்கள். பிடித்த பந்துக்கு மதிப்பெண் உண்டு என்றால் ஆறாம் சுற்றை ஒட்டி ஜூடி நல்ல தேர்வு. இல்லையென்றால் இன்னும் இரண்டு சுற்று பொறுக்கலாம். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: அந்த யார்டுகளில் பெரும்பகுதி வின்ஸ்டன் இறங்கிய பிறகு வந்தது. அவர் 2025-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் போய்விட்டார். ஃபிளாக்கோவும் பயப்படாமல் தூரமாக எறிகிறவர் என்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

டேவிட் என்ஜோக்குவை எனக்கு இன்னும் பிடிக்கும். தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்கிற டைட் எண்ட் இடத்தில் நல்ல ஆள் கிடைப்பதே கஷ்டம். 2024-இல் 11 ஆட்டம்தான் ஆடினார், அதிலேயே 64 பந்து, 5 டச்டவுன். 2023 கடைசியில் ஃபிளாக்கோ வந்து ஐந்து ஆட்டத்தில் நாலை ஜெயித்துக் கொடுத்தபோது அதிகம் பலன் அடைந்தவர்களில் இவரும் ஒருவர். எட்டாம் சுற்றுக்குப் பிறகு இருந்தால் விடாதீர்கள். அவருக்குப் பின்னால் ஹரால்ட் ஃபேனின் என்று ஒரு புதுமுகம், ஒஹாயோ பையன், கல்லூரிக் கடைசி வருஷத்தில் 117 பந்து பிடித்தவர். இப்போது எடுக்கவேண்டாம், பெயரை மட்டும் குறித்து வையுங்கள். செட்ரிக் டில்மன் கடைசிச் சுற்றுகளுக்கு நல்லவர். 2024-இல் அமாரி கூப்பரை பஃபலோவுக்கு விற்றதும் கிடைத்த வாய்ப்பில் மூன்று ஆட்டத்தில் 255 யார்டு, 3 டச்டவுன் எடுத்தார். அப்புறம் தலையில் அடிபட்டு வருஷமே போனது.

பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் பக்கம் குழப்பம். நிக் சப் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். என்.எஃப்.எல். டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் பிரவுன்ஸ் எடுத்த குவின்ஷான் ஜட்கின்ஸ் 2025 ஆகஸ்ட் கடைசி வரை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை, பயிற்சி முகாமுக்கும் வரவில்லை. மிச்சம் ஜெரோம் ஃபோர்டும் டிலன் சாம்ப்சனும். இருவரில் ஒருவர் போதும், பத்தாம் சுற்றுக்குப் பிறகு. நானாக இருந்தால் சாம்ப்சன்.

டிஃபென்ஸ் (ஃபேன்டசியில் ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர்களை மொத்தமாக ஒரே தேர்வாக எடுப்பது) பற்றி உங்கள் ஆபீஸில் ஒருவர் நிச்சயம் நெஞ்சை நிமிர்த்துவார், மைல்ஸ் காரெட் இருக்கிறாரே என்று. 2024-இல் 14 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர், அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்கே டிக்கெட் எடுக்கலாம். ஆனால் 2025 பருவத்தின் முதல் நாலு வாரம் யாரோடு என்று பாருங்கள்: சின்சினாட்டி, பால்டிமோர், கிரீன்பே, டெட்ராய்ட். நாலும் புள்ளிகளைக் குவிக்கிற அணிகள். ஐந்தாம் வாரம் லண்டனில் மினசோட்டாவோடு. ஆகவே டிராஃப்டில் எடுக்கவே வேண்டாம். நவம்பரில் ஜெட்ஸ், ரெய்டர்ஸோடு ஆடும் வாரங்களில் சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிற கிக்கர் வேண்டாம். ஏரிக்கரைக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தக் குளிரில் நீங்களே பார்ப்பீர்கள்.

பருவம் தொடங்கும் முன் நடக்கும், கணக்கில் சேராத முன்பருவ ஆட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2025 ஆகஸ்டில் மூன்றையும் பிரவுன்ஸ் ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் குஷியாக இருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நாலுக்கு நாலு ஜெயித்தது இதே அணி. அந்த வருஷம் முடிந்தபோது கணக்கு 0-16. 2008-இல் டெட்ராய்டுக்கும் அதேதான், முன்பருவத்தில் 4-0, பருவத்தில் 0-16. ஆகஸ்டில் முக்கியமான ஆட்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்குப் போராடுகிற பையன்கள்தான் ஆடுவார்கள்.

இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாமல் நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் அந்த 2017-தான். நான் வந்து இறங்கியது அதற்கு முந்தைய குளிர்காலம். கூட்டிவந்த கன்சல்டன்சி இரண்டு அறை வீட்டில் எங்களை அடைத்து வைத்து, வேலை உறுதியானால்தான் சம்பளம் என்றது. ஊரில் அம்மாவுக்குக் கிளீவ்லண்ட் என்றால் 1978-இலிருந்து ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைதான் தெரியும். பையன் பெரிய சங்கீத ஊருக்குப் போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஆபீஸில் குட்மார்னிங்குக்கு மேல் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் திங்கள் காலையில் மட்டும் காபி மெஷின் பக்கத்தில் ஒரு கூட்டம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எப்படித் தோற்றோம் என்று பேசும்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பழைய மைதானம் இருந்த காலத்து ரசிகர். 1995-இல் முதலாளி ஆர்ட் மாடல் அணியையே பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று அறிவித்தார். அந்த டிசம்பரில் சொந்த மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஜனங்கள் நாற்காலிகளைப் பெயர்த்தார்கள். அப்படிப் பெயர்த்த ஒரு நாற்காலிப் பலகை அவர் வீட்டு பேஸ்மென்டில், துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. எனக்குக் காட்டும்போது கையால் துடைத்துவிட்டுத்தான் காட்டினார். மூன்று வருஷம் அணியே இல்லாமல் இருந்த ஊர் இது.

0-16 முடிந்ததும் 2018 ஜனவரியில் மைதானத்தைச் சுற்றி வட்டமாக, பூஜ்யம்போல ஓர் ஊர்வலம் நடந்தது. எலும்பு உறைகிற குளிரில் ஆயிரக்கணக்கான பேர். அவரோடு நானும் நடந்தேன். அந்த செப்டம்பரில் ஒரு வியாழன் இரவு, டைராட் டெய்லர் அடிபட்டு வெளியேற, பேக்கர் மேஃபீல்ட் உள்ளே வந்து ஜெட்ஸை 21-17 என்று ஜெயித்தார். 635 நாள் கழித்து ஒரு வெற்றி. பிரவுன்ஸ் ஜெயித்தால்தான் திறக்கும் என்று பட் லைட் கம்பெனி பார்களில் பூட்டி வைத்திருந்த ஃபிரிட்ஜ்கள் திறந்துகொண்டன. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் நான் தனியாள் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு எங்கள் ஆபீஸ் லீக்கை நடத்துகிற கமிஷனர் நான்தான். பெருமையாகவே சொல்கிறேன்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்து வருஷம் இருந்தும் மதியச் சாப்பாட்டுக்கு நமக்குள்ளேயே உட்கார்ந்து, முட்டைப் பந்து ஆட்டம் என்று இதைக் கிண்டல் செய்துகொண்டே, இந்த ஊரில் யாருமே பழகமாட்டேன் என்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் ஒரு பக்கம். லீக்கில் சேர்ந்து, மூன்று வாரம் தோற்றதும் அணியை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அடிபட்டவரும் பை வீக்கில் ஓய்வில் இருக்கிறவரும் அப்படியே கிடப்பார்கள், எதிராளிக்கு இலவச வெற்றி. மற்ற பதினோரு பேருக்கும் அது அநியாயம். அப்படி ஒருவர் செய்ததற்காக அடுத்த வருஷம் நம் ஆட்களைக் கூப்பிடவே யோசித்த லீக்கை எனக்குத் தெரியும். நீங்கள் 0-8 என்று இருந்தாலும் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டத்துக்கு முன்னால் அணியைச் சரிபாருங்கள். 2025 பருவத்தில் ஒன்பதாவது வாரம் பிரவுன்ஸுக்கு ஓய்வு, ஜூடியையும் என்ஜோக்குவையும் வெளியே எடுக்க மறக்காதீர்கள்.

அப்புறம் கண்டிப்பாக ஒன்று. அந்த 50 டாலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் 2023 ஜனவரி முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி சரி. டிவியைத் திறந்தால் அந்த விளம்பரம்தான். நம் ஊரில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில்தான் தடைச் சட்டம் வந்தது, இங்கே அது போனிலேயே இருக்கிறது. ஃபேன்டசியில் ஆரம்பித்து பெட்டிங் ஆப்புக்குப் போய், ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை விட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல சம்பளம், தனி அறை, நீண்ட குளிர்காலம், கேட்க ஆள் இல்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது அந்த ஆப்பின் போனஸ் லிங்க் அனுப்புவார். திறக்காதீர்கள்.

டிராஃப்ட் அன்று நேரில் போக முடிந்தால் நேரில் போங்கள், வீட்டிலிருந்து லேப்டாப்பில் எடுக்காதீர்கள். எத்தனையாவது இடம் விழுந்திருக்கிறது, பிடித்த பந்துக்கு மதிப்பெண் உண்டா என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள். முதல் மூன்று சுற்றுக்கு யாரை எடுப்பது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். சனிக்கிழமை இரவுக்குள் எழுதினால் உட்கார்ந்து பட்டியல் போட்டுத் தருகிறேன்.