டைம் டிராவல் தொடர்களிலிருந்து நாவலுக்கு எதை எடுக்கலாம்?

கொரிய, சீன, ஜப்பானிய டைம் டிராவல் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன், அதே மாதிரி ஒரு நாவல் எழுத ஆசை, காப்பி ஆகிவிடுமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எழுதுங்கள். இந்தக் காலத்து ஆள் பழைய காலத்தில் போய் விழுவது யாருடைய சொத்தும் இல்லை. சீனாவில் இணைய நாவல்களில் இது ஒரு தனி வகையாகவே ஓடுகிறது, நாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கும் சீனத் தொடர்களில் பல அந்த நாவல்களிலிருந்து வந்தவைதான்.

ஆனால் இந்தத் தொடர்களைப் பார்த்து எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் எடுப்பது வாசலை மட்டும். குளத்தில் விழுந்தாள், வண்டி மோதியது, கண் விழித்தால் அரண்மனை. அது முதல் அத்தியாயத்தோடு செலவாகிவிடும், அப்புறம் முன்னூறு பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்? நான் பார்ப்பது வேறு. போனவருக்கு எவ்வளவு தெரியும், தெரிந்ததை வாயைத் திறந்து சொன்னால் யார் தலையில் விடியும் என்பதுதான்.

இதற்கு 2011இல் வந்த 'பூபூ ஜிங்சின்' என்ற சீனத் தொடரை விட்டால் நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை (ஸ்கார்லெட் ஹார்ட் என்றால் பலருக்குத் தெரியும், கதை முடிவு வரை சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). சீனாவின் சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷியின் மகன்கள் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் காலத்தில் வந்து விழும் பெண்ணுக்கு நான்காம் இளவரசர்தான் ஜெயித்து யோங்செங் பேரரசர் ஆவார் என்று முன்பே தெரியும். எட்டாம் இளவரசர் மேல் இருந்த அன்பில், நான்காமவரிடமும் அந்தப் பக்கத்து ஆட்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று எட்டாமவரிடம் பெயர் பெயராகச் சொல்லிவிடுகிறாள். காப்பாற்றத்தான் சொன்னாள். அதைக் கேட்ட எட்டாமவர் முந்திக்கொண்டு நான்காமவர் மேல் கை வைக்கிறார், பழியை ஏற்றுக்கொண்ட பதின்மூன்றாம் இளவரசர் பத்து வருஷம் அடைபட்டுக் கிடக்கிறார், பிற்பாடு யோங்செங் பழிவாங்குவதற்கும் அதுவே காரணமாகிறது. இத்தனைக்கும் விதை தன் வாயிலிருந்து விழுந்தது என்று வெகுகாலம் கழித்து எட்டாமவரின் மனைவி சொல்லித்தான் அவளுக்கே தெரிகிறது. வரலாறு ஒரு அங்குலம் மாறவில்லை, அதை நடத்தி வைத்தவளே இவள்தான். இந்த முடிச்சு உடையிலும் அரண்மனையிலும் இல்லை, அவளுக்குத் தெரிந்ததில் இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இந்தச் சீனத் தொடரும் ஒரு நாவலிலிருந்து வந்ததுதான், அதே நாவலை வைத்து 2016இல் கொரியாவில் எடுத்த 'மூன் லவ்வர்ஸ்' பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது. எலும்புக்கூடு ஒன்றுதான், காலம் மட்டும் பத்தாம் நூற்றாண்டு, இடம் கோர்யோ என்ற பழைய கொரிய அரசு. இந்தப் பெண்ணுக்கு வரலாறு சரியாகத் தெரியாது, குவாங்ஜோங் என்ற அரசன் சொந்தச் சகோதரர்களையே கொன்றவன் என்பது போல அரைகுறையாகத்தான் ஞாபகம். தினம் பார்த்துப் பேசும் நான்காம் இளவரசன்தான் அந்தக் குவாங்ஜோங் என்று தெரியவரும்போது கதை வெகுதூரம் வந்துவிடுகிறது. நிறையத் தெரிந்தவளின் பயம் ஒரு மாதிரி, அரைகுறையாகத் தெரிந்தவளின் பயம் வேறு மாதிரி. உங்கள் பாத்திரத்துக்கு எது என்று எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது விதி, தலைவிதி இல்லை, காலம் தாண்டுவதற்கான சட்டதிட்டம். 2013 கொரியத் தொடர் 'நைன்' ஒன்பது ஊதுபத்திகளை வைத்தே ஓடும். ஒன்றைக் கொளுத்தினால் சரியாக இருபது வருஷம் பின்னால் போகலாம், அரை மணி நேரம்தான். அண்ணன் பிரிந்த காதலியைக் கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்று நாயகன் நல்ல மனசோடு பழையதை மாற்றப் போக, தான் காதலித்த பெண் நிகழ்காலத்தில் தன் அண்ணன் மகளாக வந்து நிற்கிறாள்! விதி கறாராக இருப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. ஆனால் இதே ஒன்பது ஊதுபத்தியைத் தூக்கி உங்கள் நாவலில் வைத்தால் அது காப்பிதான், சந்தேகமே வேண்டாம். விதி உங்களுடையதாக இருக்கட்டும்.

நாவலுக்கு இன்னும் நெருக்கமானது ஜப்பானிய 'ஜின்'. மூளை அறுவை மருத்துவர் 1862இல் எதோவில் (இன்றைய டோக்கியோ) மாட்டிக்கொள்கிறார், பென்சிலின் வேண்டும், உலகம் அதைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபத்தாறு வருஷம் இருக்கிறது. பூஞ்சணத்தை வளர்த்து வடிகட்டி எடுக்க சோயா சாஸ் தயாரிக்கிறவர்களின் இடமும் கைப்பழக்கமும் உதவுகின்றன. இந்த மாதிரி ஒரு விவரம் கிடைத்தால் அத்தியாயமே எழுதிக்கொள்ளும்.

ஒரு கிளைக்கதை. சீனாவில் 2011இல் அரசின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தத் தொடர்கள் வரலாற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்கின்றன என்று கடிந்துகொண்டது. 2019இல் வந்த 'ஜாய் ஆஃப் லைஃப்' கதையை ஒரு மாணவன் எழுதும் நாவலாகச் சுற்றி வைத்திருப்பதை இந்தப் பின்னணியோடு பாருங்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

தமிழில் எழுதினால் எல்லோரும் நேரே சோழர் அரண்மனைக்குப் போகிறார்கள், அங்கே ஏற்கனவே கூட்டம். 1875 மதராஸ் மாகாணத்தில் ஒருவரை இறக்கிப் பாருங்கள். அடுத்த வருஷம் மழை பொய்க்கும், 1878 வரை பஞ்சம், ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து நிவாரண வேலைக்கான தானியத்தை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைப்பார் என்று அவருக்கு மட்டும் தெரியும். யாரிடம் சொல்வார்? தானிய வியாபாரியிடம் சொன்னால் அவன் பதுக்க ஆரம்பிப்பான்.

தொடங்க 'ஜின்' முதல் சீசன் போதும், பதினோரு எபிசோடுதான். ஒவ்வொன்று முடிந்ததும் காட்சியைக் குறித்துக்கொள்ளாதீர்கள், நாயகன் இப்போது எதை மறைக்கிறான், யாரிடம் என்று இரண்டு வரி எழுதுங்கள். 'மூன் லவ்வர்ஸ்' இன்னும் பார்க்கவில்லை என்றால் நாவலை முடித்துவிட்டுப் பாருங்கள், அந்தக் கடைசி எபிசோடுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு எழுதவே மனசு வராது.