பெரியவர்கள் சொல்வதைச் சான்றாக்குவது எப்படி? (எண்ணூர் முகத்துவாரம்)

வணக்கம். எண்ணூர் மீனவ ஊரான காட்டுக்குப்பத்துப் பெரியவர்கள் காட்டிய இறால் இடங்களையும் தூர்ந்த பகுதிகளையும் கடற்கரை வரைபடத்தில் குறிக்கக் கேட்ட உங்கள் மனுவை, “வாய்மொழித் தகவல்” என்று அதிகாரிகள் ஒதுக்கியதாக எழுதியிருந்தீர்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் வரைபட வழிகாட்டுதல்களே மீன்பிடிப் பகுதிகளையும் மீன் பெருகும் இடங்களையும் தெளிவாகக் குறிக்கச் சொல்வதால், நீங்கள் கேட்பது சலுகை அன்று. மனுவை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.

மனுவில் ஒரு திருத்தம் அவசியம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகளே கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே “இங்கே முட்டையிடுகிறது” என்று எழுதினால் வல்லுநர் ஒருவர் அதை எளிதில் மறுத்துவிடுவார். “குஞ்சு வளரும் இடம், கடலுக்குச் செல்லும் வழி” என்று எழுதினால், கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து வழி அடைபடுவது ஏன் கடல் மீன்பிடிப்பையும் பாதிக்கிறது என்பதும் விளங்கும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஊர்வழக்குப் பெயர், கைப்பேசியில் எடுத்த அமைவிடம், திதி, வலை வகை, அடிமண் சேறா மணலா என்பதைப் பதியுங்கள். ஆழத்தை அளவுகோல் கழியால் எடுக்கும்போது நேரத்தையும் ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண் பயனற்றது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 1 மீட்டர் வரை மாறும். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஓரச் சேற்றை அவர்கள் அறிந்த அளவுக்குப் படகில் செல்பவர்கள் அறிய மாட்டார்கள். கருத்துகள் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே வைத்திருங்கள்.

துல்லியமான இடங்களை இணையத்தில் வெளியிடுவதா என்பதை ஊர்க்கூட்டமே முடிவு செய்யட்டும்.