"உடம்பு வைத்துவிட்டாய்!": போஷாக்கு ஆலோசகரிடம் கேட்டவை

கேள்வி (உவர்மலை): மகளுக்குப் பதினாறு வயது. நிறையைச் சொல்லிப் பகிடி பண்ணினால் ரோஷம் வந்து சாப்பாட்டைக் குறைப்பாள்தானே?

பதில்: ரோஷம் வரும் அக்கா, சாப்பாடு குறையாது. அது இடம் மாறும், அவ்வளவுதான். உங்கள் முன்னால் இரண்டு வாய் பிட்டோடு எழும்பிவிடுவாள். எல்லோரும் படுத்த பிறகு, குசினியில் லைட் போடாமல், பாணைப் பிய்த்துச் சீனிச்சம்பலில் தோய்த்து நின்றபடியே விழுங்குவாள். ருசிகூடத் தெரியாது. அவமானப்படும்போது கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடுகிறது. இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் தேடச் சொல்வது அதுதான். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று ஐம்பது வயது தாண்டியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்தது. தொடக்கத்தில் பருமனாக இல்லாதவர்களில், நிறைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. பகிடிதான் காரணம் என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் பகிடி மருந்தல்ல என்பதற்கு இது போதும்.

கேள்வி (கிண்ணியா): கிளினிக்கில் எல்லோர் முன்னிலையிலும் என் நிறையைச் சத்தமாக வாசித்தார்கள். எட்டு மாதமாகப் போகவில்லை. சீனி வருத்தம் இருக்கிறது.

பதில்: பிழை உங்களுடையதல்ல, ஆனால் சீனி உங்கள் கோபத்துக்காகக் காத்திருக்காது. இந்த வாரமே போங்கள். தனியாக நிறுக்கும்படி கேட்கலாம். நாளைக்கு முழங்கால் வலி என்று போகும்போது "மெலியுங்கள்" என்று மட்டும் சொன்னால், "மெலிந்த ஒருவருக்கு இதே வலி வந்தால் என்ன பார்ப்பீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): பகல் முழுவதும் பட்டினி கிடக்கிறேன். இரவில் இரண்டு பார்சல் கொத்துரொட்டி. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பதில்: தம்பி, 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திடகாத்திரமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். அவர்கள் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு இருந்தார்கள். மீண்டும் சாப்பாடு கொடுத்தபோது சிலருக்கு நிறுத்தவே முடியவில்லை. உங்களுக்கும் குறை மனக்கட்டுப்பாட்டில் இல்லை, பட்டினியில்தான். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிடுங்கள். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்களென்றால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் நிறை ஒரு பொருட்டே இல்லையா?

பதில்: பொருட்டுத்தான். ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட நிறைக் கணக்கு) 23லேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது.

கேள்வி: சாமத்திய வீட்டில் பெரியம்மா "உடம்பு வைத்துவிட்டாய்" என்றால்?

பதில்: "ஓம் பெரியம்மா, உங்கள் முழங்கால் இப்போது எப்படி?" என்று பேச்சை மாற்றுங்கள். நான் 84 கிலோவாக இருந்த காலத்தில் திருகோணமலைக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு மூச்சு வாங்க ஏறுவேன். பின்னால் யாராவது சிரிப்பார்கள். வழியில் நின்ற மான்கள் மட்டும் சிரித்ததில்லை.