மச்சானுக்குச் சரிவரும் லீஸ், மண்டபத்துக்குச் சரிவருமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 37. மண்டபத்தில் நண்டு, கணவாய் வாங்கி கம்பெனிகளுக்கு அனுப்பும் தொழில். வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்பாவை மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாரம் மூன்று நாள் தொழில் விஷயமாக ராமநாதபுரம் போய்வருகிறேன். புதுக் கார் எடுக்கலாம் என்றிருக்கிறேன். சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான், "கடன் வாங்காதே, லீஸுக்கு எடு, நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்" என்கிறார். அதாவது மாத வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது. அவர் வாங்கித் தந்த கொட்டேஷன்: டிசையர், 48 மாதம், மாதம் 21,500 ரூபாய். ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதற்குள். முன்பணம் இல்லை. வருடம் 15,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், மேலே போனால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய். எனக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். அதே வண்டி ஷோரூமில் ஆன்ரோடு 8.6 லட்சம். கையில் 1.6 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கியில் 9.5 சதவீத வட்டி சொல்கிறார்கள். லீஸா, கடனா? டிசையர், பஞ்ச், எர்டிகா இவற்றில் எது? கார் எதற்கு, பஸ் இருக்கிறதே என்கிறார் அப்பா.
- வாசகர், மண்டபம்

பதில்: அன்புள்ள தம்பி,

மாதம் ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை வைத்தே நான் கூட்டிப் பார்த்தேன். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போக வர ஏறக்குறைய எண்பது. வாரம் மூன்று தடவை என்றால் மாதத்துக்கு அதுவே ஆயிரத்தைத் தொட்டுவிடுகிறது. மதுரைக்கு இரண்டு நடை, அது ஒரு அறுநூறு. மாமனார் வீடு, கல்யாணம் காட்சி, பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் என்று இன்னொரு முந்நூறாவது வரும். ஆக 1,900. மீன்பிடித் தடைக்காலத்தில் தொழில் ஓட்டம் குறையும் என்று கழித்தாலும் வருடத்துக்கு 21,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒப்பந்தம் தருவது 15,000. வருடம் ஆறாயிரம் கூடுதல், நாலு வருடத்தில் 24,000. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் வீதம் 1,92,000 ரூபாய். இதை மாதாமாதம் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குத்தான் பில்லாக நீட்டுவார்கள்.

சரி, இப்போது முழுக் கணக்கு. லீஸில் 21,500 வீதம் 48 மாதம், 10,32,000. கூடுதல் ஓட்டத்தையும் சேர்த்தால் 12,24,000. அன்றைக்கு வண்டியையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறி வருவீர்கள்.

கடனில், கையிலிருக்கும் 1.6 லட்சம் போக 7 லட்சம் வாங்குகிறீர்கள். ஒப்பிடுவதற்காக அதையும் 48 மாதம் என்றே வைப்போம். 9.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 17,600, மொத்தம் 8.44 லட்சம். முன்பணத்தைச் சேர்த்தால் 10.04 லட்சம். இன்சூரன்ஸ் புதுப்பிக்க நாலு வருடத்தில் 60,000, சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 90,000 என்று தாராளமாகவே போட்டிருக்கிறேன். 11.54 லட்சம் ஆகிறது. ஆனால் வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது. கடற்கரை வண்டி, ஓட்டம் அதிகம் என்று புரோக்கர் அடித்துப் பேசினாலும் மூன்றரை லட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். அதைக் கழித்தால் உங்களுக்கு நின்ற செலவு 8 லட்சம் சொச்சம். லீஸைவிட நாலு லட்சத்துக்கு மேல் குறைவு. பெட்ரோல் இரண்டு பக்கமும் உங்கள் செலவுதான், அதனால் அதைச் சேர்க்கவில்லை.

மச்சான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே லாபம். ஐடி கம்பெனிகளில் வண்டியை லீஸுக்கு எடுப்பது கம்பெனி, வாடகை அவர் சம்பளத்தில் வருமான வரி போடுவதற்கு முன்னாலேயே கழிகிறது. முப்பது சதவீத வரி கட்டுகிறவருக்கு அந்த மிச்சமே பெரிய தொகை. நீங்கள் சொந்தத் தொழில். உங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் பலர், விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று காட்டி ரிட்டர்ன் போடுகிறார்கள். உங்கள் ஆடிட்டரும் அப்படித்தான் போடுகிறார் என்றால், எல்லாச் செலவும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். லீஸ் வாடகையைத் தனியாகக் கழிக்க முடியாது. முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்து லாபநஷ்டம் காட்டுகிறவர் என்றால், தொழிலுக்கு ஓடுகிற பங்கை மட்டும் செலவில் காட்டலாம். ஆடிட்டரிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் எதுவானாலும் நாலு லட்ச வித்தியாசத்தை அது அடைக்காது.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை உப்புக் காற்று. கீழக்கரையில் இருக்கும் என் சித்தி மகன் மூன்று வருட லீஸ் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுக்க மதுரைக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். மேலே பார்த்தால் வண்டி புதுசு மாதிரிதான் இருந்தது. பரிசோதிக்க வந்த பையன் கதவைத் திறந்தான், குனிந்து கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினான். விரல் நுனி செம்மண் நிறத்தில் வந்தது. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். சைலன்சரைத் தாங்கும் கம்பி, சக்கர வளைவின் உள்பக்கம், வீல் நட்டுகள், ஸ்டெப்னி கிடக்கிற குழி என்று ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தான். வழக்கமான தேய்மானத்துக்கு மேற்பட்டது என்று எழுதி 43,000 ரூபாய் போட்டார்கள். என் சித்தி மகன் வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவன். எந்த ஊரில் ஓடப்போகிறது என்று கையெழுத்து வாங்கும்போது யாரும் அவனிடம் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்து நம் கரையோர ஊர்க்காரர் யார் லீஸ் என்று சொன்னாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பாருங்கள். கான்கிரீட்டுக்கு உள்ளே வைக்கிற கம்பியையே துருப்பிடிக்காத எஃகில் போட்டு, மேலே கனமான பாதுகாப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 1914-லிருந்து நின்ற பழைய பாலம் கற்றுக்கொடுத்த பாடம் அது. நம் கார்த் தகட்டுக்கு அந்தக் கவசமெல்லாம் இல்லை. சொந்த வண்டி என்றால் கதவோரம் துரு ஏறினால் இரண்டாயிரம் கொடுத்துச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிட்டு ஓட்டுவோம். லீஸ் வண்டியில் அதே துரு, அடுத்தவன் சொத்துக்கு நாம் செய்த சேதம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், உங்கள் கொள்முதல் பாதிக்கும் கீழே இறங்கும். அது போக நடுவில் ஸ்ட்ரைக் என்று படகுகள் கரையில் நிற்கிற நாள்கள் உங்களுக்கே தெரியும். 21,500 அந்த மாதங்களிலும் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். கடன் தவணையும் வரும்தான். ஆனால் தொழில் ரொம்பவே படுத்துவிட்டது என்றால் சொந்த வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிடலாம். லீஸை நடுவில் முறித்தால் மீதி மாத வாடகையில் ஒரு பெரிய பங்கை அபராதமாகக் கேட்பார்கள். கொட்டேஷனின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது இருக்கும், ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஆகவே என் பதில், கடன். 48 மாதம் வேண்டாம், 60 மாதமாகப் போடுங்கள். தவணை 14,700-க்கு வந்துவிடும். ஏழு வருடம் என்றால் 11,400 தான் என்று ஆசை காட்டுவார்கள். ஏழு வருடத்தில் வட்டி மட்டும் 2.6 லட்சம், ஐந்து வருடத்தில் 1.8 லட்சம். நம் ஊர்க் காற்றில் ஏழாவது வருடமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிற அளவுக்கு வண்டியின் உடம்பு தாங்குமா என்பதும் எனக்குச் சந்தேகம். தடைக்காலத்து இரண்டு தவணை 29,400. மற்றப் பத்து மாதமும் 3,000 வீதம் தனி சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வைத்தால் அந்த இரண்டு மாதமும் தானாக நகர்ந்துவிடும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் கேஎஃப்எஸ் (Key Facts Statement) என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணமும் சேர்ந்து உண்மையில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். யாராவது "வெறும் 7 சதவீதம், ஃபிளாட்" என்றால் மயங்காதீர்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் அடைத்த அசலைக் கழிக்காமல் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவது. ஐந்து வருடத்துக்கு 7 சதவீத ஃபிளாட் என்பது வங்கி சொல்கிற முறையில் பன்னிரண்டரை சதவீதம். உங்களுக்கு வந்திருக்கும் 9.5 எவ்வளவோ மேல். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், முன்பணத்தைக் கூட்டலாம் என்று வீட்டு நகையை அடகு வைக்க வேண்டாம். அப்படி ஒரு யோசனை உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்துவிட்டு வந்து வருத்தப்படுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எந்த வண்டி? எர்டிகாவை முதலில் தள்ளிவிடுவோம். நல்ல வண்டிதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதில், நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டியதற்கு 40. டிசையரும் பஞ்சும் முதல் கட்டத்தில், எர்டிகா இரண்டாவதில். லீஸ் வாடகைக்கும் அதே விகிதம்தான். தமிழ்நாட்டுச் சாலை வரியும் வண்டி விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் அதைவிட அதிகம். எர்டிகாவின் மேல் வேரியண்ட்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. பெட்ரோலும் மாதம் இரண்டாயிரம் கூடுதலாகக் குடிக்கும். வீட்டில் ஆறு பேர் என்பதுதான் உங்களை எர்டிகா பக்கம் இழுக்கிறது, புரிகிறது. ஆனால் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவது மூன்று பேர். ஆறு பேரும் சேர்ந்து தூரம் போவது வருடத்தில் எத்தனை நாள்? அந்த நாளுக்கு ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள்.

டிசையரா பஞ்சா என்பதை உங்கள் அப்பாவின் முழங்கால் சொல்லட்டும். டிசையர் மைலேஜில் கெட்டி, கம்பெனி சொல்வது லிட்டருக்கு 24.79. நெடுஞ்சாலையில் இருபதுக்குக் குறையாமல் கிடைத்தாலே உங்கள் ஓட்டத்துக்கு நல்ல மிச்சம். ஆனால் உட்காரும் இடம் தாழ்வு. பஞ்சில் சீட் உயரம், ஏறி இறங்கச் சிரமமில்லை. தரையிலிருந்து அதன் அடிப்பாகத்தின் உயரமும் டிசையரைவிட ஓர் அங்குலம் போலக் கூடுதல். கரையோர மணல் பாதையில் இறங்குகிறவருக்கு அந்த ஓர் அங்குலம் உதவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் இரண்டிலும் மூன்று தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். டிசையரில் கதவைப் பிடிக்காமல் எழுந்தால் டிசையர். கை தேடினால் யோசிக்காமல் பஞ்ச். ஆன்ரோடு விலையில் பெரிய வித்தியாசம் வராத வேரியண்டாகப் பாருங்கள், மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.

நண்டுப் பெட்டியை மட்டும் டிக்கியில் ஏற்றாதீர்கள், அவசரத்துக்குக்கூட. தெர்மாகோல் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ஸ்டெப்னி குழியில் இறங்கும். ஆறு மாதத்தில் அங்கே தகடு கொப்பளிக்கும், அந்த வாடை மதுரை வரைக்கும் அப்பாவோடு வரும். வெள்ளை நம்பர் பிளேட்டில் வியாபாரச் சரக்கு ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸிலும் இழுபறி. லோடு ஆட்டோ லோடு ஆட்டோவாகவே இருக்கட்டும்.

வண்டி வந்த வாரமே அடிப்பாகத்துக்கு கோட்டிங் அடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சக்கர வளைவுக்குள்ளும் கதவின் அடியிலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வீட்டு போர் தண்ணீர் உவர் என்றால் அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற மாதிரிதான். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற நம் ஜில்லாவில் யாருக்கும் மனசு வராது. அதனால் ராமநாதபுரம் போகிற நாளில், நல்ல தண்ணீர் வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸாகப் பார்த்து அடிப்பாகத்தை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள்.

அப்பா பஸ் இருக்கிறதே என்று சொல்வதை எதிர்த்துப் பேச வேண்டாம். உங்கள் கைக்காசு கரைகிறதே என்ற கவலைதான் அது. மேலே இருக்கிற கணக்கை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தவணைத் தேதியை ஒன்றாம் தேதியில் வைக்காமல், கம்பெனிக்காரர்கள் உங்களுக்குப் பட்டுவாடா செய்கிற நாளுக்கு நாலு நாள் தள்ளி வைக்கும்படி வங்கியில் கேளுங்கள்.