கரணையைக் கையில் எடுக்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கல்லூரிக்குச் செல்ல விருப்பமில்லை. என் மாமா மேஸ்திரியாக இருக்கிறார்; இரண்டு கோடை விடுமுறைகளில் அவருடன் வேலைக்குச் சென்றிருக்கிறேன். வீடு கட்டும் தொழிலிலேயே நிலைத்துவிட ஆசைப்படுகிறேன். "வெயிலில் காயும் பிழைப்பு உனக்கு எதற்கு?" என்கிறார் அப்பா. கொத்து வேலை, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ஆகியவற்றில் எதைக் கற்பது? ஐ.டி.ஐ.யில் சேர வேண்டுமா, மாமாவிடமே பழகிக்கொள்ளலாமா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கட்டட மேற்பார்வையில் இருந்தவன் நான். இருபது வயதில் சட்டி தூக்க வந்து, ஐம்பது வயதிலும் சட்டியே தூக்கிக்கொண்டிருப்பவர்களை எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் யாரும் கரணையை, அதாவது கொத்துக் கரண்டியைக் கொடுக்கவில்லை; அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்களே தவிர, அதில் உள்ள எண்ணைப் படிக்க யாரும் அவர்களை அழைக்கவில்லை. ஆகவே, எந்த வேலை என்று முடிவு செய்வதற்கு முன் யாரிடம் கற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

மூன்றில் எலக்ட்ரிக்கல் மட்டும் தனி வகை. அதற்குக் கைப்பழக்கம் போதாது, சான்றிதழும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிஷியன், வயர்மேன் ஆகிய இரண்டும் இரண்டாண்டுப் படிப்புகள். அதன் பின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். புதிய வீட்டுக்கு மின் இணைப்புக் கோரும்போது வயரிங் சோதனை அறிக்கையில் கையொப்பமிடுபவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராகத்தான் இருக்க முடியும். உரிமம் இல்லாதவர் எத்தனை வீடுகளுக்கு வயர் இழுத்தாலும் கடைசியில் இன்னொருவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க நேரிடும். பிளம்பர் பயிற்சி ஓராண்டுதான். அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் கவலை வெயில்தான் என்றால், அவரிடம் இதைச் சொல்லலாம்: கான்கிரீட் போடுவதற்கு முன் கூரைக் கம்பிகளுக்கிடையே குழாய் பதிக்கும் நாள்கள் நீங்கலாக, எலக்ட்ரிஷியனுக்கும் பிளம்பருக்கும் பெரும்பகுதி வேலை கூரை நிழலில்தான்.

கொத்து வேலைக்கும் ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே மேஸ்திரி இருக்கும்போது அவரைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது பிழை என்பது என் கருத்து. அவர் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) மூலை பார்க்கும் நாளில் கட்டாயம் உடனிருங்கள். மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடியும், மற்றொரு நூலில் 8 அடியும் குறித்துவிட்டு, அந்த இரு குறிகளுக்கும் இடையே நாடாவைக் குறுக்கே பிடிப்பார். சரியாக 10 அடி வந்தால் மூலை மட்டம், அதாவது செங்கோணம். ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் முளையைப் பிடுங்கி நகர்த்தச் சொல்வார். பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதுதான் இது. அந்த ஓர் அங்குலத்தை அன்று விட்டுவிட்டால், ஓராண்டு கழித்து டைல்ஸ் பதிப்பவர் சுவரோரம் கோணலாக வெட்டிச் செருகிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் அவரைத்தான் திட்டுவார்.

கலவையையும் அதே கவனத்துடன் பாருங்கள். 9 அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 என்று சிமென்ட்–மணல் விகிதம் சொல்ல எல்லாருக்கும் தெரியும். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதும், அதே சட்டியால் அளந்தாலும் உலர்ந்த மணலைவிட அதில் மணல் குறைவாகவே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. மாமாவிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். விளக்கம் சொன்னால் அவரிடமே இரண்டாண்டுகள் இருக்கலாம். "சொன்னதைச் செய்" என்று மட்டும் சொன்னால், உறவை உறவாக வைத்துக்கொண்டு தொழிலுக்கு ஐ.டி.ஐ. படியேறுங்கள்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். கொத்தனார் செய்வது எல்லாவற்றையும் பார்த்தே தெரிந்துகொண்டேன். கரணையைத் தொட்டால் சிரிக்கிறார்கள். பெண்கள் கொத்தனார் ஆக முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: முடியும், சகோதரி. ஆண் பெரியாளாக (உதவியாளாக) வந்து நாலைந்து ஆண்டுகளில் கரணை பிடிப்பதும், பெண் கடைசி வரை கலவை சுமப்பதும் நம் தொழிலில் நெடுநாளாக நடந்துவரும் அநீதி. பல ஊர்களில் கொத்தனார் கூலி சித்தாள் கூலியின் இரண்டு மடங்கை நெருங்குகிறது என்பதால், இது மரியாதைப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் சுயஉதவித் திட்டம் வழியாகப் பயிற்சி பெற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடுகளையே கட்டி முடித்திருக்கிறார்கள்.

முன்வாசல் சுவரைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். செப்டிக் டேங்க் உட்சுவர், பின்புறக் காம்பவுண்டு, பரண்மேல் பூச்சு போன்ற, கண்ணில் படாத இடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மூன்று செங்கல் வரிக்கும் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சிரித்தவர்களுக்கு அதுவே பதில். ஈரச் சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதால் கையுறை இல்லாமல் கலவையைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்விக்கு உதவி, விபத்துக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் பதிவையும் அதன் புதுப்பித்தலையும் பொறுத்தவை. பதிவு செய்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களே அதிகம்.

கேள்வி: நான் பதினாறு ஆண்டுகள் அனுபவமுள்ள கொத்தனார். முதன்முறையாக ஒரு வீட்டைச் சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சதுர அடி என்ற சொல்லில்தான். அதற்குள் எது அடக்கம் என்பதைப் பேசாமலே பலர் கைகுலுக்கிவிடுகிறார்கள். 1,000 சதுர அடி வீடு என்று விலை பேசிவிட்டு, வேலை முடியும் தறுவாயில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், கைப்பிடிச் சுவர், மாடிப்படி மேல் அறை, காம்பவுண்டு எல்லாம் "அதிலேயே சேர்ந்ததுதானே" என்பார் வீட்டுக்காரர். நீங்கள் சேராது என்பீர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆரம்பத்தில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். செண்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை, முட்டு) வாடகை, கலவை எந்திரம், கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர், சாரம் ஆகியவை யார் பொறுப்பு என்பதையும், பூச்சுக்குத் தனியாக அளந்தால் ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிப்பதா வேண்டாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பணத்தைக் கடைக்கால், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கூரைக் கான்கிரீட், பூச்சு, தரை என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். எந்தக் கட்டத்திலும் நீங்கள் செய்து முடித்த வேலைக்கு மேல் முன்பணம் வாங்கிச் செலவழித்துவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமைக் கூலிக்கு இந்த வீட்டுப் பணம் போதாமல் வேறொரு வீட்டில் முன்பணம் வாங்கத் தொடங்கினால், இரண்டு வேலைகளும் பாதியில் நிற்கும். நல்ல கைவேலைக்காரர்கள் பலர் பெயர் கெட்டது இந்த இடத்தில்தான். இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகு கடைக்கால் கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடியைத் தூவுங்கள்.