இசைக் கேள்வி–பதில்: மகளின் இரண்டாவது ஆல்பம்

கேள்வி: கர்னாடக சங்கீதம் பாடும் என் மகள் இரண்டாவது ஆல்பத்தைக் கம்பெனி எதுவும் இல்லாமல் தானே வெளியிடுகிறாள். எட்டுப் பாட்டு. முதல் ஆல்பம் வேறு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாகப் போனது. இதுவும் ஸ்பாட்டிஃபையில் அவளுடைய அதே பக்கத்தில் வருமா?
– வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: தானாக வரும் என்று நம்பாதீர்கள். அன்று இனிஷியல் இல்லாமல், இன்று இனிஷியலோடு பெயர் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை இரண்டு பாடகிகள் என்று எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறு பாடகி இருந்தால் ஆல்பம் அவர் பக்கத்தில் போய் உட்காரும். அப்லோட் செய்யும்போது ‘புதிய கலைஞர்’ என்று டிக் அடிக்காமல், பழைய பக்கத்தின் லிங்க்கைக் கொடுங்கள்.

எட்டில் ஏதாவது ஏற்கெனவே சிங்கிளாக வந்திருந்தால், அதன் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) திரும்பப் போடுங்கள். புது எண் போட்டால் கேட்டவர் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது வீண் கௌரவக் கணக்கு அல்ல: 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை.

நான்கு வாரம் முன்பே அப்லோட் செய்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்க ஒரு பாட்டைத்தான் அனுப்ப முடியும், அதுவும் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக.

கேள்வி: மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசிக் கட்டம்) சத்தத்தை ஏற்றச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடும்; ஏற்றியது இறங்கிவிடும், சேதம் மட்டும் மிஞ்சும். ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரை அழுத்தினால் முதலில் அடிபடுவது மிருதங்கம்தான். வலந்தலையில் (அதன் வலப்பக்கத் தோலில்) ‘நம்’ என்ற அடி விழும் அந்த முனை மழுங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலாகும். பாட்டின் இடைவெளிகளில் தம்புரா பொங்கி மேலே வரும். உச்சம் மைனஸ் 1 டிபியைத் தாண்டாமல், 24 பிட் வேவ் ஃபைலாக வாங்குங்கள்.

கேள்வி: ஒரு புரந்தரதாசர் தேவர்நாமாவும் (கன்னடப் பக்திப் பாட்டு) ஒரு பாபநாசம் சிவன் பாட்டும் இருக்கின்றன. அனுமதி தேவையா?

பதில்: 16-ஆம் நூற்றாண்டுக்காரரான தாசரின் சாகித்யத்துக்கு (பாட்டின் வரிகளுக்கு) வேண்டாம். ஆனால் பல தேவர்நாமாக்களுக்கு இன்று பாடப்படும் மெட்டு சமீபத்தில் போடப்பட்டது. மெட்டு யாருடையது என்று குருவிடம் கேட்டு, அவர் உரிமையைப் பாருங்கள். சிவன் மறைந்தது 1973-இல். காப்புரிமை மறைவுக்குப் பின் 60 ஆண்டு, அதாவது 2033 முடியும் வரை. உரிமை யாரிடம் என்று ஐபிஆர்எஸ்ஸில் (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைக் கவனிக்கும் சங்கம்) விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தேதிக்குள் கைக்கு வராவிட்டால் ஏழு பாட்டோடு வெளியிடுங்கள். எட்டாவதைப் பிறகு சிங்கிளாக விடலாம்.